மூன்றாம் அறையில் தேங்கியது

படகு என்று பெயர் இந்த ஊருக்கு.
ஒரு படகும் கிடையாது.
ஓடிய ஆறுகளையெல்லாம்
ஆலைக்காரர்கள் செங்கல் குழாய்க்குள் தள்ளி
மேலே தெரு போட்டுவிட்டார்கள்.
வூச்.
உதட்டைக் குவித்துச் சொல்லிப் பாருங்கள்,
எதையோ ஊதி அணைத்தது போலிருக்கும்.

அப்படியொரு ஆலைதான் இப்போது கலைக்கூடம்.
கதிர்கள் சுழன்ற இடத்தில் வெள்ளைச் சுவர்கள்.
மூன்றாம் அறையின் மூலை நாற்காலி என்னுடையது.
தொடாதீர்கள் என்று சொல்வது வேலை.
பதினோரு வருடமாக ஒரே வாக்கியம்.

அக்டோபரில் ஒரு குட்டை வந்தது,
மரப்பெட்டியில், நான்கு பேர் தூக்கிக்கொண்டு.
யாத்விகா ஒல்ஷாக் செய்தது.
பிசின்தான், இறுகிய பிசின்.
ஆனால் அதன் ஓரத்தில் சிமெண்ட் கறுத்திருந்தது
தூரிகையால் தீட்டிய ஈரத்தில்.
உள்ளே ஒரு ஜன்னலின் நிழல்.
அண்ணாந்து பார்த்தேன்.
கூரையில் ஜன்னல் இல்லை.
பலகையில் எழுதியிருந்தது: நேற்று பெய்தது.

பிசின் என்று படித்த பிறகும்
எல்லாரும் சுற்றிக்கொண்டுதான் போனார்கள்.
கண்ணுக்குச் சொல்லலாம்,
காலுக்கு எப்படிச் சொல்வது.
ஒரே ஒரு சிறுவன், சிவப்பு பூட்ஸ்,
நான் வாயைத் திறப்பதற்குள் குதித்துவிட்டான்.
தெறிக்கவில்லை.
மழை பொய்ப்பது என்றால் என்னவென்று
அவன் முகத்தில் பார்த்தேன்.

இரவில் தரை துடைப்பவள் பொகுமீவா.
முதல் வாரம் மூன்று முறை துடைத்திருக்கிறாள்.
"பிழிந்தால் சொட்டுகூட வரலை" என்று
மாப்பைச் சந்தேகப்பட்டாளே தவிர
தண்ணீரை அல்ல.

பிப்ரவரியில், பனி இளகிய வாரம்,
அதற்கு இரண்டடி தள்ளி
இன்னொன்று.
யாரும் தூக்கி வரவில்லை.
கூரை ஒழுகலா, அடியில் புதைத்த ஆறா?
மூன்று பொறியாளர்கள் வந்து
நான்கு காரணம் சொன்னார்கள்.
பெயர்ப்பலகை இரண்டுக்கும் நடுவே நின்றது,
பஞ்சாயத்துக்கு வந்துவிட்டு
வாயே திறக்காதவர் மாதிரி.

வந்தவர்கள் புதியதைத்தான் மெச்சினார்கள்.
"இதில் ஆழம் இருக்கிறது" என்றார் ஒரு பேராசிரியர்.
கூட வந்த மாணவி குறித்துக்கொண்டாள்:
கதவு திறந்தால் லேசாக நடுங்குகிறது, அபாரம்.
தொடாதீர்கள் என்றேன்,
எதைச் சொல்கிறேன் என்று எனக்கே தெரியாமல்.

வார்சாவிலிருந்து ஒல்ஷாக்கை வரவழைத்தார்கள்.
குனிந்தாள். நிமிர்ந்தாள்.
சிகரெட் பிடிக்க வெளியே போனாள்.
கால் மணி நேரம் கழித்து வந்து
"நான் செய்தபோது ஒன்றுதான் இருந்தது" என்றாள்.
அது பதிலா, புகாரா, தெரியவில்லை.

இயக்குநர் யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தார்.
பொகுமீவா வாளியை வைத்தாள்.
இடப்பக்கம் ஒரு முழங்கால் ஊன்றினாள்,
வலப்பக்கம் இன்னொன்று.
எழுந்து பாவாடையைக் காட்டினாள்,
ஒரு பக்கம் மட்டும் நனைந்து ஒட்டியிருந்தது.
மெய் எதுவென்று மெய் சொல்லிற்று,
கொஞ்சம் வாதம் பிடித்த மெய்.
பிறகு துடைத்தாள்.
இந்த முறை வாளியில் சத்தம் கேட்டது.

மறுநாள் டிக்கெட் வாங்கிய இருவர்
நல்லது எங்கே என்று கேட்டார்கள்,
பணத்தைத் திருப்பித் தரச் சொன்னார்கள்.
தரையில் வெண்மையாய் ஒரு கோடு மட்டும்,
உப்பு காய்ந்து.
நான் இன்னும் அதைச் சுற்றித்தான்
நாற்காலிக்குப் போகிறேன்.

மார்ச்சில் சிவப்பு பூட்ஸ் திரும்ப வந்தது.
பிசினைக் கண்டுகொள்ளவில்லை.
ஓர விழியால் என்னைப் பார்த்துக்கொண்டே
காய்ந்த கோட்டுக்குள் குதித்தான், இரண்டு காலாலும்.
"தெறிச்சுது" என்றான்.

மறுக்கலாம்தான்.
என் கால்சட்டை விளிம்பைத்
தொட்டுப் பார்த்தேன்.